புது ஏடிவியின் முதல் 25 மணி நேரம்: இன்ஜினுக்குள் நடக்கும் அதிசயங்கள் தெரியுமா?

ஷோரூமிலிருந்து பளபளவென்று இறங்கும் புத்தம் புது ஏடிவியின் இன்ஜின், உண்மையில் இன்னும் வேலை முடியாத இன்ஜின் என்பது தெரியுமா? கடைசிக் கட்ட மெருகைத் தொழிற்சாலை போடுவதில்லை. வண்டியை வாங்கியவரின் வலது கட்டைவிரல்தான் போடுகிறது!

ஆமாம், கட்டைவிரல்தான். மணல், சேறு, பாறை, காட்டுப்பாதை என்று எங்கும் ஏறி இறங்கும் இந்த நான்கு சக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, பைக்கில் இருப்பதுபோல் முறுக்குகிற ஆக்சிலேட்டர் கிடையாது. வலது கைப்பிடியை ஒட்டி ஒரு சின்ன நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் வண்டி பாயும், விரலை எடுத்தால் அடங்கும். மேடு பள்ளத்தில் உடம்பு பின்னால் சாயும்போது, இறுகப் பிடித்த கை தன்னையறியாமல் ஆக்சிலேட்டரைத் திருகிவிடும் ஆபத்து இதில் குறைவு. அந்தச் சின்ன நெம்புகோலை முதல் 10, 20, 25 மணி நேரத்துக்கு எப்படி அழுத்துகிறீர்கள் என்பதில்தான் இன்ஜினின் எதிர்காலமே இருக்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் ‘ரன்னிங் இன்’ என்று சொல்வார்களே, அதேதான் இது.

மெரினா மணலில் ரோந்து போகும் போலீஸ் வண்டியாகவும் மலைவாசத்தலங்களில் சுற்றுலாப் பயணிகள் ஓட்டிப் பார்க்கும் வண்டியாகவும் நமக்குப் பழக்கமான ஏடிவி, பிறந்த கதையே வியப்பானது. குளிர்காலத்தில் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும். ‘பனியிலும் விற்கிற மாதிரி ஒரு வண்டி கொடுங்கள்’ என்று ஹோண்டாவிடம் அங்கிருந்து கேட்டார்கள். ஒசாமு தகேயுச்சி என்ற பொறியாளர் களத்தில் இறங்கினார். இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மூன்று சக்கரத்தில் வந்து நின்றார். 1970-இல் வந்த அந்த வண்டிக்கு 89 சிசி இன்ஜின், பலூன்போல ஊதிய 22 அங்குல டயர்கள்! மூன்று சக்கர வண்டி கவிழ்ந்து விபத்துகள் பெருகியதால் 1988-இல் அமெரிக்க அரசுடன் தயாரிப்பாளர்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அதன் விற்பனை நின்றது. அதற்கு முன்பே, 1980-களின் தொடக்கத்தில், சுசூகி நான்கு சக்கரக் குவாட்ரன்னரைக் கொண்டுவந்துவிட்டது. இன்று ஓடுவதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

சரி, இன்ஜினுக்குள்ளே போவோம்.

புது சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! வேண்டுமென்றே கீறிவிட்டிருப்பார்கள்! டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு திசையில் சாய்ந்த கோடுகளை இன்னொரு திசையில் சாய்ந்த கோடுகள் வெட்டிக்கொண்டு ஓடும். கோலத்தில் சிக்கு விழுந்ததுபோல சிலிண்டர் முழுக்கச் சின்னச் சின்ன சாய்சதுரங்கள். ஹோனிங் என்கிற வேலை இது. சாணைக்கல் பொருத்திய கருவி சுழன்றுகொண்டே மேலும் கீழும் போய்வர, கோடுகள் சுமார் 45 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குள் ஒன்றையொன்று வெட்டும். எதற்காக இந்தக் கீறல்? பள்ளங்களில் ஆயில் தங்க வேண்டும். மேடுகள், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான பிஸ்டன் ரிங்கோடு உரசி, மிகக் கொஞ்சமாகத் தேய வேண்டும். ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகும் வரை நடக்கும் இந்த உரசலுக்குத்தான் ‘ரிங் உட்காருவது’ என்று பெயர்.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது தெரியுமா? அதன் சொந்த விறைப்பு மட்டும் என்றால் அது ரொம்பக் கொஞ்சம். பெட்ரோல் எரிந்து கிளம்பும் வாயு, பிஸ்டனின் காடிக்குள் புகுந்து ரிங்குக்குப் பின்னால் போய், அதை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது! ஆக, எரிப்பின் அழுத்தம் கூடினால் ரிங் நன்றாக அழுந்தும். அழுத்தமே இல்லையென்றால் ரிங் சும்மா தடவிக்கொண்டு போகும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், ரன்னிங் இன் விஷயத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். புது வண்டியை ரொம்ப மெதுவாக, உருட்டிக்கொண்டே ஓட்டுவதுதான் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ரிங்குக்குக் கொஞ்சம் சுமை வேண்டும். அந்தச் சுமை விட்டுவிட்டு வர வேண்டும்.

6,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஒரு நொடிக்கு 100 தடவை மேலே போய், 100 தடவை கீழே வருகிறது. கண் இமைப்பதற்குள் எத்தனை உரசல்! பல ஏடிவி இன்ஜின்களில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன்கூடச் சுமார் 0.07 மில்லிமீட்டர். தலைமுடி நுழையாத இடத்தில் அலுமினியமும் ஆயிலும் நெருப்பும் குடித்தனம் நடத்துகின்றன!

பிஸ்டன் வட்டமாக இருக்காது என்பது தெரியுமா? குளிர்ந்திருக்கும்போது அது லேசான நீள்வட்டம். போதாததற்கு மேலே குறுகி, கீழே அகன்றும் இருக்கும். சூடேறி விரிந்த பிறகுதான் வட்டத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும் உலோகம். இரும்பு சிலிண்டர் உள்ள வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு ஓங்கி அழுத்தினால், பிஸ்டன் வேகமாக விரிந்துவிடும், சிலிண்டர் பின்தங்கிவிடும். இடைவெளி மறைந்து, இறுகி, இன்ஜின் சீஸ் ஆகும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். இன்றைய பல ஏடிவிகளில் சிலிண்டர் அலுமினியத்தில், அதன் உள்ளே நிக்கலோடு சிலிக்கான் கார்பைடு கலந்த பூச்சு. நிக்காசில் என்று பெயர் பெற்ற இந்தப் பூச்சை 1967-இல் ஜெர்மனியின் மாலே நிறுவனம் கொண்டுவந்தது, அதுவும் சுழல் இன்ஜினுக்காக! சிலிக்கான் கார்பைடு வைரத்துக்குச் சற்றே கீழே நிற்கும் கடினம் கொண்டது. அதனால் இத்தகைய சிலிண்டரில் தேய்ந்து கொடுப்பது பெரும்பாலும் ரிங்தான். சுவர் அசைவதாக இல்லை!

சிலிண்டரையும் பிஸ்டனையும் பொருத்துவதற்கு மனிதர்கள் பட்ட பாடு இருக்கிறதே! ஜேம்ஸ் வாட்டின் நீராவி இன்ஜின் வருடக்கணக்கில் தவித்ததற்கு ஒரு பெரிய காரணம், சிலிண்டரை உருண்டையாகக் குடைய ஆள் இல்லாததுதான். பீரங்கி குடையும் ஜான் வில்கின்சன் 1770-களில் அதற்கு இயந்திரம் செய்து கொடுத்தார். 50 அங்குலச் சிலிண்டரில் பிசகு ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமன்கூட இல்லை என்று, வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் 1776-இல் பூரித்துப்போய் எழுதினார். அன்றைக்கு அதுதான் துல்லியம்! பிஸ்டனைச் சுற்றி அப்போது சணலைத் திணித்து, கொழுப்பைத் தடவி வைத்தார்கள். 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில்வே பொறியாளர், ஓரிடத்தில் வெட்டிய உலோக வளையத்தைக் கொண்டுவந்தார். இன்று உங்கள் ஏடிவிக்குள் இருக்கும் பிஸ்டன் ரிங் அதன் நேர் வாரிசு.

இனி கையேடுகளைப் புரட்டுவோம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறது, ஆனால் உள்ளே ஓடுவது ஒரே எண்ணம்.

யமஹாவின் ஏடிவி கையேடுகளில் முதல் 10 மணி நேரத்துக்குப் பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. ஒரு மணி நேரம் ஓடினால் 5 முதல் 10 நிமிடம் ஆறவிட வேண்டும். அடுத்த 10 மணி நேரத்துக்கு முக்கால் பங்குக்கு மேல் நீண்ட நேரம் கூடாது. கியர்களை மாற்றி மாற்றித் தாராளமாக ஓட்டலாம், ஆனால் இந்தக் கட்டத்தில் முழு ஆக்சிலேட்டர் மட்டும் கூடவே கூடாது. கேன்-ஆம் வண்டிகளில் 10 மணி நேரம் அல்லது 300 கிலோமீட்டர், அதுவும் முக்கால் ஆக்சிலேட்டருக்குள். போலாரிஸ் 25 மணி நேரம் கேட்கிறது, அல்லது முதல் இரண்டு டேங்க் பெட்ரோல் தீரும் வரை! பெட்ரோல் டேங்கையே கடிகாரமாக்கிவிட்டார்கள், எவ்வளவு அழகான கணக்கு! ஹோண்டாவோ முதல் நாள் ஓட்டம், அல்லது 25 கிலோமீட்டர் போதும் என்கிறது. அந்தத் தூரத்துக்குள் முழு ஆக்சிலேட்டரில் கிளம்பாதே, சட்டென்று வேகம் எடுக்காதே, அவ்வளவுதான்.

25 கிலோமீட்டர் எங்கே, 25 மணி நேரம் எங்கே! எது சரி என்று கேட்டால், உங்கள் வண்டியோடு வந்த கையேடு சொல்வதுதான் சரி. சிலிண்டர் பூச்சு, ரிங்கின் உலோகம், ஹோனிங்கின் நேர்த்தி, ஊற்றி அனுப்பிய ஆயில் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டிக்குச் செய்தது உங்கள் வண்டிக்குப் பொருந்த வேண்டியதில்லை.

கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கை ஏன் பிடித்தார்கள்? ஏடிவி போகும் இடத்தில் கிலோமீட்டருக்குப் பொருளே இல்லை. சேற்றில் சிக்கி அரை மணி நேரம் உறுமினாலும் மீட்டர் நகராது. நியூசிலாந்தின் ஆட்டுப் பண்ணைகளில் நாள் முழுக்க மந்தைக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கும் அதே கதைதான். அதனால்தான் பல ஏடிவிகளின் டயலில் இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் அவர் மீட்டர் இருக்கிறது.

பெரும்பாலான கையேடுகள் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. கட்டைவிரலை ஒரே இடத்தில் வைத்திருக்காதே! வேகத்தைக் கூட்டு, குறை, மறுபடி கூட்டு. கூட்டும்போது வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. விரலைச் சட்டென்று எடுத்து இன்ஜின் இழுப்பிலேயே வண்டியை அடங்கவிடும்போது, சிலிண்டருக்குள் உறிஞ்சு விசை உண்டாகி, கீழேயிருந்து கொஞ்சம் ஆயிலை ரிங்குப் பக்கம் இழுக்கிறது. தேய்ந்த உலோகத் துகளை அந்த ஆயில் கழுவிக்கொண்டு போகிறது. அழுத்து, கழுவு, அழுத்து, கழுவு! ஒரு சின்ன மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இன்ஜின் பிரேக்கிலேயே இறங்குகிறீர்களே, அதுவே முதல்தரமான ரன்னிங் இன்.

வெறுமனே ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது? அது கூடவே கூடாது. போலாரிஸ் கையேடு இதைத் தனியாகவே எச்சரிக்கிறது. சுமையில்லாமல் நெடுநேரம் ஓடினால் ரிங் அழுந்தாது. சுவரில் தங்கிய ஆயில் வெந்து, வார்னிஷ்போல ஹோனிங் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். பிறகு ரிங் உட்காரவே உட்காராது. வண்டி ‘ஆயில் குடிக்க’ ஆரம்பிக்கும், சைலன்ஸரில் நீலப் புகை வரும். சிலிண்டரைக் கழற்றி மறுபடி ஹோன் போடுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

விமானத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சின்ன விமானங்களுக்கு பிஸ்டன் இன்ஜின் செய்யும் அமெரிக்க நிறுவனமான லைகமிங், புது இன்ஜினை முதல் மணி நேரமே 75 சதவீத சக்தியில் பறக்கவிடச் சொல்கிறது! அடுத்த மணி நேரத்தில் 65-க்கும் 75-க்கும் மாறி மாறி. தரையில் நிறுத்தி நெடுநேரம் ஓட்டாதே என்றும் சொல்கிறது. அங்கேயும் அதே பாடம்: சுமை கொடு, மாற்றிக் கொடு, சும்மா உறுமவிடாதே. பெரும்பாலான மாடல்களில் முதல் 50 மணி நேரம், அல்லது ஆயில் செலவாவது ஒரு நிலைக்கு வரும் வரை, சேர்மானம் கலக்காத மினரல் ஆயில்தான் ஊற்றுகிறார்கள்.

பைக் உலகில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். பிஎம்டபிள்யூவின் எஸ் 1000 ஆர்ஆர் பந்தய பைக் சுமார் 14,000 ஆர்பிஎம் வரை சீறக்கூடியது. ஆனால் முதல் சர்வீஸ் முடியும் வரை 9,000-ஐத் தாண்ட கம்ப்யூட்டரே விடாது! சர்வீஸ் முடிந்த பிறகுதான் டீலர் அந்தப் பூட்டைத் திறந்து கொடுப்பார்.

முதல் ஆயில் மாற்றத்தை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததுண்டா? ஒருமுறையாவது பாருங்கள். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, கீழே தட்டை வைத்து டிரெயின் போல்ட்டைத் திருகி எடுத்தால் ஆயில் கயிறுபோல இறங்கும். சில மணி நேரம்தான் ஓடியிருக்கும், நிறம்கூட அதிகம் மாறியிருக்காது. ஆனால் தட்டை வெயிலில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள், ஆயிலுக்குள் வெள்ளிப் பொடி தூவினதுபோல மினுமினுக்கும்! ரிங்கிலிருந்தும் கியர் பற்களிலிருந்தும் தேய்ந்து வந்த உலோகம் அது. போல்ட் முனையில் காந்தம் உள்ள வண்டியானால், அதில் கன்னங்கரேலென்று ஒரு பசை ஒட்டியிருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல்போல இருக்காது, கண்மைபோல வழுக்கும். அப்படி வழுக்கினால் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று பொருள். செதிலாகவோ துண்டாகவோ கையில் தட்டுப்பட்டால், உடனே டீலரிடம் காட்ட வேண்டும்.

இந்த முதல் ஆயிலைத்தான் பலர் ‘புதுசாத்தானே இருக்கு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. இன்ஜின் தன் வாழ்நாளிலேயே மிக அதிகமாகத் துகள் உதிர்க்கும் காலம் இதுதான். போலாரிஸில் 25 மணி நேரத்திலும் யமஹாவில் 20 மணி நேரத்திலும் முதல் சர்வீஸ் வருகிறது. ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும். வால்வு இடைவெளியைப் பார்ப்பதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குவதும் அப்போது நடக்க வேண்டிய வேலைகள்.

ஆயிலுக்குள்ளேயே ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஜெட்டிடிபி என்ற சேர்மானம், 1940-களிலிருந்து இன்ஜின் ஆயிலில் போடப்படுகிறது. உலோகமும் உலோகமும் நெருங்கி உரசிச் சூடேறும் இடத்தில் மட்டும் அது வினைபுரிந்து, ஒரு மெல்லிய காப்புப் படலமாகப் படிகிறது. எங்கே அடி விழுகிறதோ அங்கேயே கவசம்!

இன்ஜினோடு கதை முடிந்துவிடவில்லை. கியர் மாற்றவே தேவையில்லாத ஆட்டோமேட்டிக் ஏடிவிகளில், பெரும்பாலும் சக்தியைக் கடத்துவது ஒரு ரப்பர் பெல்ட். இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே அது ஓடும். கப்பி விரிந்து சுருங்க, பெல்ட் ஏறி இறங்க, கியர் விகிதம் தானே மாறும். இதைக் காரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம், 1958-இல். முன்னால் போகிற அதே வேகத்தில் அந்தக் கார் பின்னாலும் போகும் என்பதால், டச்சுக்காரர்கள் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள்! ஏடிவியின் புது பெல்ட்டும் கப்பியோடு உரசிப் பதப்பட வேண்டும். கேன்-ஆம் இதற்கு 50 கிலோமீட்டர் கேட்கிறது. அதுவரை டிரெய்லர் இழுக்காதீர்கள், திடீரென்று பாயாதீர்கள். பிறகு எப்போது பெல்ட்டைப் புதிதாக மாற்றினாலும் இதே விரதம்தான். பிரேக் பேடும் அப்படித்தான், முதல் 300 கிலோமீட்டர் வரை அது முழு வலுவோடு பிடிக்காமல் போகலாம் என்று கேன்-ஆம் எச்சரிக்கிறது. வண்டிக்கு வண்டி இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏடிவிக்கே உரிய இன்னொரு எதிரி தூசி. மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரண இரும்பைக் கீறிவிடும். ஏர் ஃபில்டர் சரியாக உட்காராமல் ஒரு சிட்டிகை புழுதி உள்ளே போனாலும், தொழிற்சாலை கணக்குப் பார்த்துப் போட்ட கோடுகளுக்கு நடுவே அது தாறுமாறாகக் கிழித்துவிடும். நண்பர்களோடு வரிசையாகப் போகும்போது, புது வண்டிக்காரர் முன்னால் போவதே நியாயம். பின்னால் வருகிறவருக்குத்தான் எல்லாப் புழுதியும்!

மணல்மேடு ஏறுவதையும் முதல் சில மணி நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். மணலில் சக்கரம் புதைந்துகொண்டே சுழலும், இன்ஜினுக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. கெட்டியான மண் தரை, ஏற்ற இறக்கம் உள்ள தோட்டத்துப் பாதை, தனி ஆள், லேசான சுமை போதும். ரொம்ப மெதுவாக, கனமாகப் போக வேண்டியிருந்தால் லோ ரேஞ்சில் போடுங்கள், பெல்ட் பிழைக்கும்.

புது ஏடிவி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டெலிவரி எடுக்கும் அன்றே கையேட்டை வாங்கி, ‘பிரேக்-இன்’ பக்கத்தைப் பிரித்து, உங்கள் மாடலுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை பங்கு ஆக்சிலேட்டர் என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அவர் மீட்டர் எண்ணையும் முதல் ஆயில் மாற்றிய தேதியையும் குறித்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டி கேட்கப் போகும் நாளில் அது கைகொடுக்கும். ஹெல்மெட் போடாமல் ஏறாதீர்கள். பெரியவர்களுக்கான ஏடிவியை 16 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.